அணித்தலைவர் தியான் சந்த்

விளையாட்டுத் திடலிலே இளமைக்கே முதலிடம் என்பது பொதுவாக யாவரும் ஒப்புக்கொண்ட கருத்து. ஓட்டமும் மூச்சும் சற்றே தளர்ந்த ஒருவர் அணியில் இருந்துவிட்டால், பழைய பெயரை வைத்துக்கொண்டு இடம் பிடித்திருக்கிறார் என்று திடலோரத்தில் நிற்போர் முணுமுணுப்பதை நாம் கேட்டிருக்கிறோம். பாரதப் போரிலே முதற் பத்து நாளும் கௌரவ சேனையை நடத்தியவர் நரைத்த தாடியுடைய பீஷ்மர் என்பதை அந்த வேளையில் எவரும் நினைப்பதில்லை. ஹொக்கி ஆட்டத்திலோ இந்த முணுமுணுப்பு இன்னும் அதிகம். இன்றைய செயற்கைப் புல்தரையில் பந்து பறக்கிற வேகத்துக்கு இருபது வயதுக் கால்களே ஈடுகொடுக்கும் என்பார்கள். அவ்வாறு எண்ணுவோர் 1936ஆம் ஆண்டு பேர்லின் நகரில் இந்திய ஹொக்கி அணியை நடத்திய தியான் சந்தின் வரலாற்றை ஒருமுறை பார்ப்பது நல்லது. அவர் போட்ட கோல்களின் தொகையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். கலங்கி நின்ற ஓர் அணியை அவர் எவ்வாறு தாங்கினார் என்பதே நாம் ஈண்டு கூற விரும்புவது.

தியான் சந்த் 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 29ஆந் திகதி அலகாபாத் நகரிலே பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தியான் சிங். தந்தையார் சமேஷ்வர் சிங் ஆங்கிலேயருடைய இந்தியப் படையில் இருந்தவர். அவரும் படையிலே ஹொக்கி ஆடியவர்தான். படைவீரர் குடும்பமாகையால் ஊருக்கு ஊர் மாற்றம் வந்துகொண்டேயிருந்தது. சிறுவனுடைய படிப்பு ஆறு வருடங்களோடு நின்றுபோயிற்று. கடைசியிலே குடும்பம் ஜான்சி நகரிலே நிலைகொண்டது. இளம்பிராயத்தில் தியான் சிங் ஹொக்கியில் நாட்டம் கொண்டவரல்லர். மற்போரே அவருக்குப் பிடித்திருந்தது. பிறவி மேதை என்று அவரை வருணிக்கும் எழுத்தாளர்கள் இதனை ஏனோ மெல்லக் கடந்துவிடுகிறார்கள்.

1922இல், பதினேழு வயது நிறைந்தபோது, அவர் முதலாம் பிராமணர் படையணியிலே சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். அங்கேதான் மட்டையை உண்மையாகக் கையிலெடுத்தார். அந்தப் படையணியின் சுபேதார் மேஜரான பாலே திவாரி என்பவரே அவருக்குக் குருவாய் அமைந்தார். பகலெல்லாம் படைக் கடமை. கடமை முடிந்த பின்னரே பயிற்சி. அக்காலத்திலே திடல்களுக்கு மின்விளக்கு ஏது? நிலவு எழும் வரை காத்திருந்து, அந்த வெளிச்சத்திலே தனியே பந்தை ஓட்டிப் பழகுவாராம். இதைக் கண்ட தோழர்கள் சந்திரனைக் குறிக்கும் சந்த் என்ற சொல்லை அவர் பெயரோடு ஒட்டிவிட்டார்கள் என்றும், அதுவே நிலைத்துவிட்டது என்றும் கூறுவர்.

1926இல் இந்தியப் படை அணியொன்று நியூசிலாந்துக்குச் சென்றது. ஆடிய 21 ஆட்டங்களில் 18 வெற்றி, இரண்டு சமநிலை, ஒரேயொரு தோல்வி. திரும்பி வந்ததும் சிப்பாய் தியான் சந்த் லான்ஸ் நாயக் ஆனார். உலகம் வியந்த வீரர் ஒருவருக்குக் கிடைத்த முதற் பரிசு தோளிலே ஒரு சிறு பட்டி!

1928இல் அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். பம்பாயிலிருந்து புறப்பட்ட அந்த அணியை வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர். தங்கப் பதக்கத்தோடு திரும்பியபோது அதே பம்பாயில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர் என்பதும் உண்மை. அணித்தலைவர் ஒக்ஸ்போர்டிலே கற்ற ஜெய்பால் சிங். அவர் போட்டி முடியுமுன்னரே அணியை விட்டு விலகிவிட்டார். ஒல்லாந்து நாட்டுக்கெதிரான இறுதி ஆட்டத்தன்று வீரர் சிலர் நோய்ப் படுக்கையில்; தியான் சந்துக்கும் உடல்நலம் சரியில்லை. ஆயினும் 3-0 என்று இந்தியா வென்றது. அந்தப் போட்டி முழுவதிலும் இந்தியா 29 கோல் போட்டு ஒரு கோலும் வாங்கவில்லை. இருபத்தொன்பதில் பதினான்கு தியான் சந்துடையவை. தலைவர் இல்லாத அணி எவ்வாறு தன்னைத்தானே தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதை அவர் அங்கே நேரிற் கண்டார். எட்டு வருடங்களின் பின் அந்த அனுபவம் அவருக்கு உதவியிருக்கும் என்பது நமது எண்ணம்.

1932இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு ஆள் தெரிவதற்காக மாகாணங்களுக்கிடையிலான போட்டி நடந்தபோது, வடமேற்கு எல்லைப்புறத்திலே இருந்த அவருக்குப் படை அதிகாரிகள் லீவு கொடுக்கவில்லை. ஆடாமலே தெரிவு செய்யப்பட்டார். அந்த அணி போகிற வழியிலே நமது கொழும்பிலும் இறங்கிற்று. இங்கே நடந்த இரண்டு ஆட்டங்களிலும் இலங்கை அணி 20-0, 10-0 என்ற கணக்கில் தோற்றது. நமது பாட்டன்மார் காலத்து வீரர்கள் எத்தகைய புயலின் முன் நின்றார்கள் என்பதை இந்த எண்களே சொல்லும். லொஸ் ஏஞ்சல்ஸில் இந்தியா யப்பானை 11-1 என்றும், அமெரிக்காவை 24-1 என்றும் வென்றது. மூன்று நாடுகளே கலந்துகொண்ட போட்டியாகையால் அந்த வெற்றியை மிகைப்படுத்தத் தேவையில்லை. அமெரிக்காவுக்கெதிரான ஆட்டத்திலே தம்பி ரூப் சிங் பத்துக் கோலும் அண்ணன் எட்டுக் கோலும் போட்டார்கள். அதிகக் கோல் போட்டவர் தம்பி என்பதைக் கவனிக்க வேண்டும். பந்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் சுபாவம் அண்ணனுக்கு இருந்திருந்தால் இந்தக் கணக்கு வேறு விதமாக அமைந்திருக்கும்.

இதைத் தெளிவாகக் காட்டும் இன்னொரு செய்தி உண்டு. 1933இல் கல்கத்தாவில் பெய்ற்றன் கிண்ண இறுதியாட்டத்திலே ஜான்சி ஹீரோஸ் என்னும் தம் ஊர் அணிக்காக அவர் ஆடினார். எதிரணி வலிமை மிக்க கல்கத்தா சுங்கத் திணைக்கள அணி. ஆட்டத்தின் பெரும்பகுதியும் ஜான்சி அணியினர் தங்கள் கோலைக் காப்பதிலேயே களைத்துப்போயினர். திடீரென்று நடுத்திடலிலிருந்து தியான் சந்த் நீளமாக ஒரு பந்தைக் கொடுக்க, இஸ்மாயில் என்ற வீரர் பாதித் திடலை ஓடிக் கடந்து அதைக் கோலாக்கினார். ஆட்டத்தின் ஒரே கோல் அதுவே. 1952இல் சென்னையிலே வெளிவந்த தமது சுயசரிதையில், தாம் ஆடிய ஆட்டங்களிலே சிறந்தது எது என்று கேட்பவர்களுக்கு இந்த ஆட்டத்தையே அவர் சுட்டிக்காட்டுகிறார். கோல் போட்டவர் அவரல்லர்!

நிற்க. இரண்டு ஒலிம்பிக் தங்கம் பெற்ற பின்னரும் தலைமைப் பதவி அவரைத் தேடி எளிதில் வரவில்லை. அக்காலத்திலே அணித்தலைவர் என்றால் கல்லூரியிலே கற்றவராகவோ, அரச குடும்பத்தவராகவோ இருப்பது வழக்கம். ஆறு வருடப் படிப்போடு சிப்பாயானவரை அந்த இடத்திலே நிறுத்திப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை போலும். 1935இல் நியூசிலாந்துப் பயணத்துக்கு மானாவதர் நவாப் வர மறுத்ததனாலேயே தியான் சந்த் தலைவரானார். இந்தியா, இலங்கை, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலே அந்த அணி 48 ஆட்டங்கள் ஆடி 584 கோல் போட்டது, வாங்கியது 40. அவர் மாத்திரம் போட்டவை 201. இதற்குப் பின் பேர்லினுக்கு வேறொருவரைத் தலைவராக்க யாராலும் இயலாமற் போயிற்று. அந்த வருடமும் தெரிவுப் போட்டிக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

1936ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆந் திகதி டில்லியில் ஒன்றுகூடிய ஒலிம்பிக் அணி, அந்நகர அணியோடு ஆடி 4-1 என்று தோற்றது. நாடே திகைத்தது. அதன்பின் கப்பலேறி, ஜூலை 10ஆந் திகதி மார்செயில் துறைமுகத்தில் இறங்கி, மூன்றாம் வகுப்பு இரயிற் பெட்டிகளிலே நெருக்குண்டு 13ஆந் திகதி பேர்லின் சேர்ந்தார்கள். களைப்பு நீங்குமுன் 17ஆந் திகதி ஜேர்மனி அணியோடு ஒரு பயிற்சி ஆட்டம். மீண்டும் அதே 4-1 தோல்வி.

இந்த இரண்டாம் தோல்வியை வாசகர் இலேசாக எண்ணிவிடக் கூடாது. இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியா எந்த ஆட்டத்திலும் தோற்றதில்லை. அடிமை நாடொன்று உலகத்தின் முன் தலைநிமிர்ந்து நின்ற துறைகள் அன்று மிகச் சில; அவற்றுள் ஹொக்கி ஒன்று. அதுவும் கைநழுவிப் போய்விடுமோ என்ற அச்சம் வீரர்களைப் பிடித்துக்கொண்டது. அணியிலே பெரும்பாலானோர் ஒலிம்பிக் திடலை அதற்குமுன் கண்டிராதவர்கள். முந்திய இரண்டு ஒலிம்பிக்கையும் கண்டவர்கள் கோல் காப்பாளர் ரிச்சர்ட் அலனும் தியான் சந்துமே. அன்றிரவு உறக்கம் வரவில்லை என்ற பொருள்படத் தலைவரே பின்னர் எழுதியிருக்கிறார். ஆயினும் அவருடைய கவலை அவரைச் செயலற்றவராக்கவில்லை. முன்வரிசையின் வலப்புறம் பலவீனமாயிருப்பதை அவரும் பங்கஜ் குப்தாவும் கண்டார்கள். தாயகத்திலே நின்றுவிட்ட அலி தாராவை உடனே அனுப்பும்படி தந்தி பறந்தது. படையில் இருந்த தாராவின் ஆட்டத்தைத் தியான் சந்த் நன்கறிவார். தோல்விக்கு மழை, நிலம், பயணக் களைப்பு என்று காரணம் தேடிக்கொண்டிராமல், எங்கே பிசகு என்று கண்டு அதற்குப் பரிகாரமும் தேடியதே இங்கே முக்கியம். இருபது வயது வீரருக்கு இது வாய்ப்பது கடினம். தோல்வி வந்தால் அவர் தம்மையே நோவார், அல்லது பக்கத்திலிருப்பவரை நோவார்.

போட்டி ஆகஸ்ட் 5ஆந் திகதி தொடங்கியது. முதல் ஆட்டத்தில் ஹங்கேரிக்கெதிராக நான்கே கோல். அந்நாளைய இந்தியாவுக்கு அது குறைவுதான். அடுத்து அமெரிக்கா 7-0, யப்பான் 9-0. ஒவ்வோர் ஆட்டத்திலும் முன்வரிசை சற்றுச் சற்றாக ஒன்றுபட்டு வருவதை இந்தக் கணக்குகளிலே காணலாம். விமானமேறிப் பேர்லின் வந்து சேர்ந்த தாரா, பிரான்சுக்கெதிரான அரையிறுதியிலே ஆடினார், 10-0 வெற்றி.

இறுதி ஆட்டம் ஜேர்மனியோடு. 14ஆந் திகதி நடக்கவிருந்தது மழையினாலே 15ஆந் திகதிக்குத் தள்ளிப்போயிற்று. அது ஆகஸ்ட் 15! பதினொரு வருடங்களின் பின் அந்தத் திகதிக்கு வரவிருந்த பெருமையை அன்று யார் அறிவார்? உடைமாற்றும் அறையிலே வீரர்களின் முகத்தில் 17ஆந் திகதித் தோல்வியின் நிழல் படிந்திருந்தது. பங்கஜ் குப்தா காங்கிரசின் மூவர்ணக் கொடியை வெளியே எடுத்தார். அனைவரும் அதனை வணங்கிவிட்டுத் திடலுக்குச் சென்றார்கள். அந்த அணியிலே இந்துக்களும் இஸ்லாமியரும் சீக்கியரும் ஆங்கிலோ இந்தியரும் இருந்தார்கள் என்பதை இக்காலத்தில் நாம் சொல்லி வைப்பது அவசியம். ஆங்கிலேயரின் சம்பளத்தில் வாழ்ந்த படைவீரரும் அந்தக் கொடியை வணங்கியவருள் இருந்தார்.

நனைந்த தரையிலே ஆட்டம் மந்தமாகத் தொடங்கியது. ஜேர்மனியர் தங்கள் கோலைச் சுற்றி மதில்போல நின்றார்கள். இடைவேளையின்போது இந்தியா பெற்றிருந்தது ஒரே கோல். அக்காலத்து விதிப்படி மாற்று ஆட்டக்காரரை இறக்க முடியாது. இறங்கிய பதினொருவரே இறுதிவரை ஆடவேண்டும். ஆகவே திடலுக்குள்ளே நிற்கும் தலைவர்தான் எதையாவது மாற்றியாக வேண்டும். தியான் சந்த் முள் பதித்த சப்பாத்துகளைக் கழற்றி எறிந்துவிட்டு இறப்பர் அடியுள்ள சப்பாத்தோடு இறங்கினார். வெறுங்காலோடு ஆடினார் என்று சொல்வோரும் உண்டு. எதுவாயினும், முப்பத்தோராம் பிறந்தநாளுக்கு இரண்டு வாரமே இருந்த அந்த மனிதர் அதன்பின் இளைஞர்களைவிட விரைவாக ஓடினார். தலைவர் ஓடக் கண்ட மற்றவர்களும் ஓடினார்கள். கோல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

தோல்வி நெருங்க, ஜேர்மனியரின் ஆட்டம் முரட்டுத்தனமாயிற்று. அவர்களுடைய கோல் காப்பாளரோடு மோதியதில் தியான் சந்தின் பல்லொன்று உடைந்தது. சிகிச்சை பெற்றுத் திரும்பி வந்தவர், இனிக் கோல் போடவேண்டாம், பந்தை நம்மிடம் வைத்துக் காட்டினால் போதும் என்று தோழர்களுக்குச் சொன்னதாகக் கூறப்படுகிறது. கோல் வட்டம் வரை பந்தைக் கொண்டுபோவதும் பின்னுக்கு எடுத்துவருவதுமாகச் சற்றுநேரம் ஆடிக் காட்டினார்களாம். அடிக்கு அடி என்று கிளம்பக்கூடிய இளம் இரத்தத்தை அடக்கி, மட்டையாலே பதில் சொல்லவைப்பதற்கு அனுபவம் வேண்டும். ஆட்டம் 8-1 என முடிந்தது. தியான் சந்த் மூன்று, தாரா இரண்டு, ரூப் சிங், தாப்செல், ஜாபர் ஆகியோர் ஒவ்வொன்று. அந்தப் போட்டியிலே இந்தியா போட்டவை 38; வாங்கியது அந்த ஒன்றே.

அவர் மட்டையிலே காந்தம் இருக்கிறதோ என்று உடைத்துப் பார்த்தார்கள், ஹிட்லர் அவரை அழைத்துத் தன் படையிலே பெரும்பதவி தருவதாகச் சொன்னான் என்றெல்லாம் கதைகள் வழங்குகின்றன. இவற்றுக்குத் தக்க சான்று இல்லையாகையால் நாம் விட்டுவிடுகிறோம். விட்டுவிடுவதனாலே அவருக்கு ஒரு குறையும் வரப்போவதில்லை.

இரண்டாம் உலகப் போர் 1940, 1944 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கையும் விழுங்கிவிட்டது. போர் முடிந்தபோது தியான் சந்துக்கு நாற்பது வயது. இனி அவர் திடலோரத்து நாற்காலிக்குரியவர் என்றே எவரும் நினைப்பர். ஆனால் 1947இல் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்த ஆசியர் விளையாட்டுச் சங்கம் இந்திய அணியொன்றை அழைத்தபோது ஒரு நிபந்தனை விதித்தது: தியான் சந்த் வரவேண்டும். மீண்டும் அவரே தலைவர். 1947ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி அணி பம்பாயிலே ஒன்றுகூடியது. நாடு இரண்டாகி மூன்று மாதங்களே ஆகியிருந்தன. ஹொக்கிக்கு வீரர்களை வாரி வழங்கிய பஞ்சாப் இரண்டு துண்டாகக் கிடந்தது. பேர்லினிலே அவர் தந்தி கொடுத்து அழைத்த அலி தாரா அடுத்த வருடம் பாகிஸ்தான் அணியின் தலைவராக ஒலிம்பிக்குக்குச் செல்லவிருந்தார். இந்தியாவின் பக்கத்திலோ, லாகூரை விட்டு வந்த கேசவ் தத் போன்ற இளைஞர்களைக் கொண்டு புதிதாக ஓர் அணியைக் கட்டியெழுப்ப வேண்டிய நிலை.

அந்தப் பயணத்திலே நாற்பத்திரண்டு வயதுத் தலைவர் 22 ஆட்டங்களில் 61 கோல் போட்டார். அது பெரிதுதான். அதனினும் பெரிது, கே. டி. சிங் பாபு என்ற இளைஞர் தலைவரைவிட அதிகமான கோல் போட்டதே. பாபுவுக்கு ஒருமுறை அருமையான பந்தொன்றைக் கொடுத்துவிட்டு, அது கோலாகிறதா என்று பாராமலே தியான் சந்த் திரும்பி நடந்தாராம். ஏன் என்று கேட்டபோது, அந்தப் பந்தைக் கோலாக்கத் தெரியாதவருக்கு எனது அணியிலே இடமில்லை என்ற கருத்துப்படப் பதில் சொன்னார் என்று உடன் ஆடியவர்கள் பின்னாளிலே நினைவுகூர்ந்தனர். கடுமையான சொல்தான். ஆனால் இளைஞர் ஒருவர்மீது வைத்த நம்பிக்கையை இதைவிடப் பலமாகச் சொல்ல முடியுமா?

1948இல் ஆபிரிக்காவிலிருந்து மீண்டபின் அவர் மெல்ல மெல்ல ஆட்டத்திலிருந்து ஒதுங்கினார். இலண்டன் ஒலிம்பிக்குக்குப் போகவிருந்த அணியோடு நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில் எஞ்சிய இந்திய அணிக்கு அவர் தலைமை தாங்கினார். ஒலிம்பிக் அணி 2-1 என்று வென்றது; தோற்ற அணியின் ஒரே கோல் கிழவருடையது! அந்த வருடம் ஆகஸ்ட் மாதம் 12ஆந் திகதி வெம்பிளித் திடலிலே இந்தியா பிரித்தானியாவை 4-0 என்று வென்று, சுதந்திர நாடாகத் தன் முதல் தங்கத்தைப் பெற்றது. பாபு அந்த அணியின் உபதலைவர். கேசவ் தத் இடைநிலை வீரர். தியான் சந்த் அங்கே இல்லை.

1956இல் அவர் படையிலிருந்து ஓய்வுபெற்றார். அதே ஆண்டு பத்மபூஷண் விருது கிடைத்தது. பின்னர் பட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிலையத்திலே தலைமைப் பயிற்றுநராய் இருந்து இளைஞர்களுக்குக் கற்பித்தார். மகன் அசோக் குமார் 1975இல் கோலாலம்பூரிலே நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் பாகிஸ்தானுக்கெதிராக வெற்றிக் கோலைப் போட்டதைக் காணும் பாக்கியம் அவருக்குக் கிட்டியது. மறு வருடமே மொன்றியல் ஒலிம்பிக்கிலே இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியதையும் காண நேர்ந்தது.

இப்பொழுது டில்லியிலே அவர் பெயரில் மைதானம் இருக்கிறது. பிறந்தநாளான ஆகஸ்ட் 29 இந்தியாவின் தேசிய விளையாட்டு நாள். நாட்டின் உயர்ந்த விளையாட்டு விருது 2021 முதல் அவர் பெயரைத் தாங்கி வருகிறது. உயிரோடிருந்த காலத்திலே கையிற் கிடைத்ததோ சிறிய ஓய்வூதியம். 1979ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆந் திகதி, டில்லி அகில இந்திய மருத்துவ நிலையத்தின் பொது விடுதியிலே, ஈரற் புற்றுநோயினால் அவர் காலமானார். உடலை ஜான்சிக்குக் கொண்டுசென்று, ஜான்சி ஹீரோஸ் அணியின் திடலிலேயே தகனம் செய்தார்கள். அதற்கு அனுமதி பெறுவதற்கும் முதலிலே சற்றுச் சிரமப்பட வேண்டியிருந்தது.